மணாலி – லே சாலையில் சைக்கிள்: செந்தூல் தம்பிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி கேட்டவர் கோலாலம்பூர் செந்தூல்காரர், வயது 33. ஞாயிறு காலையில் பழைய கோம்பாக் சாலை வழியாகக் கெந்திங் செம்பா ஏறுகிறார். மாதம் ஒருமுறை கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலை. அடுத்த ஜூலையில் நண்பர்கள் இருவரோடு இமயமலையில் மணாலியிலிருந்து லே வரை போகத் திட்டம். விடுப்பு 10 நாள், அதில் 7 நாள் சைக்கிள். கையில் இருப்பது கார்பன் ரோடு பைக், கியர் முன்னால் 50-34 பல், பின்னால் 11-30 பல். "இன்னும் எவ்வளவு பயிற்சி எடுக்கணும், எடை குறைக்க எந்த வீல் வாங்கலாம்? இது முடிந்ததும் மத்திய ஆசியாவின் பாமிர் மலைச்சாலைக்குப் போகலாமா?" என்று கேட்கிறார்.

தம்பி, பயிற்சியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் சொல்ல அதிகம் இல்லை. பிரேசர் மலையை நிற்காமல் ஏறுகிற காலுக்கு மணாலி – லே சாலையின் சரிவு பெரிய விஷயம் கிடையாது. அது ராணுவ லோரிகள் ஏறுவதற்காகப் போட்ட சாலை. பெரும்பாலும் 5 முதல் 7 விழுக்காடு சரிவுதான். கெந்திங் மலையின் கடைசி ஏற்றத்தில் நாம் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறோமே, அந்த மாதிரி இடம் அங்கே அபூர்வம். உங்கள் திட்டத்தில் பலவீனமான இடம் கால் இல்லை. அந்த 7 நாளும், அந்த 34-30 கியரும்தான். வீல் வாங்க வைத்திருக்கும் பணத்தை இந்த இரண்டுக்கும் திருப்பி விடுங்கள்.

கியரை முதலில் எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிது, ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 34 பல், பின்னால் 30 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் ஏறக்குறைய 1.13 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு மிதிச்சுற்றுக்கு 2.4 மீட்டர் நகர்வீர்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 8.6 கி.மீ. இதைவிட மெதுவாகப் போக வேண்டுமானால் மிதியைக் குறைக்க வேண்டும், அதாவது முட்டியைக் கசக்க வேண்டும்.

இப்போது எடை. நீங்கள் 70 கிலோ, சைக்கிளும் சாமானும் தண்ணீரும் சேர்ந்து 25 கிலோ, ஆக 95. 7 விழுக்காடு சரிவில் அந்த 8.6 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 175 வாட் வேண்டும். கோம்பாக்கில் இது உங்களால் சமாளிக்க முடிகிற அளவாக இருக்கலாம். ஆனால் 5,000 மீட்டரில் உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு கடல் மட்டத்தில் இருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துவிடும். இங்கே உங்கள் எஃப்.டி.பி., அதாவது ஒரு மணி நேரம் விடாமல் மிதிக்க முடிகிற அளவு, 200 வாட் என்றால் அங்கே 130, 140 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் முழுதாகக் கொடுக்க முடியாது, ஏனென்றால் ஏற்றம் நாலைந்து மணி நேரம் ஓடும். ஆக உங்களுடைய மிக எளிய கியரே அங்கே உங்கள் உச்சத்தைத் தாண்டி நிற்கிறது. இறங்கித் தள்ளுவீர்கள். 5,000 மீட்டரில் சைக்கிளைத் தள்ளுவது மிதிப்பதைவிடக் கொடுமை.

அதே சாலையில் முன்னால் 30, பின்னால் 42 என்று மாற்றிப் போட்டால் மிதிச்சுற்றுக்கு 1.5 மீட்டர், மணிக்கு 5.4 கி.மீ., சுமார் 110 வாட். மூச்சு வாங்கும், ஆனால் நாள் முழுக்க ஓடும். இரண்டுக்கும் வேகத்தில் வித்தியாசம் மணிக்கு 3 கி.மீ. மட்டும்தான். ஆனால் ஒன்றில் போய்ச் சேர்வீர்கள், இன்னொன்றில் பாதி வழியில் லோரிக்காரரிடம் கை காட்டுவீர்கள். மணிக்கு 5 கி.மீ.யில் சைக்கிள் ஆடும், நேராக நிற்காது என்று சிலர் சொல்வார்கள். ஆடத்தான் செய்யும். ஊலு லங்காட் பக்கம் கெந்திங் பெரேஸ் ஏறும்போது வேண்டுமென்றே அந்த வேகத்தில் ஏறிப் பழகுங்கள். பின்னால் வருகிற குழுவெல்லாம் உங்களைத் தாண்டிப் போகும், போகட்டும். முன்பாரத்தோடு, பைகளோடு, அசட்டு மெதுவாக ஏறுவதும் ஒரு பயிற்சி. கோலாலம்பூரில் யாரும் அதை எடுப்பதில்லை.

உங்கள் கார்பன் சட்டத்தில் இந்தக் கியரை மாட்ட முடியுமா, 40 மில்லிமீட்டர் டயர் உள்ளே நுழையுமா என்று உங்கள் மெக்கானிக்கிடம் கேளுங்கள். பெரும்பாலும் முடியாது என்பார். அப்படியானால் பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். புதிதாகப் பெரிய விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. 1931இல் ராம்நாத் பிஸ்வாஸ் என்ற வங்காளி, சிங்கப்பூர் குவீன் ஸ்ட்ரீட்டிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பி, நம் மலாயா வழியாகவே சயாம், இந்தோசீனா, சீனா, கொரியா, ஜப்பான் என்று போனார். அவரிடம் என்ன வீல் இருந்தது என்று இன்று யாரும் கேட்பதில்லை.

அடுத்து நாள் கணக்கு. இதில்தான் நிறையப் பேசவேண்டியிருக்கிறது.

உயரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜனின் விகிதம் மாறுவதில்லை, எங்கேயும் 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். 5,300 மீட்டரில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் அதற்கு நாள் வேண்டும். மலை மருத்துவத்தில் பரவலாகச் சொல்லும் விதி இது: 3,000 மீட்டருக்கு மேல் போனதும், இன்று படுக்கும் உயரம் நேற்று படுத்த உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போய் இறங்குகிறீர்கள் என்பதைவிட, இரவில் எங்கே தலை சாய்க்கிறீர்கள் என்பதுதான் கணக்கு.

உடற்தகுதி இதிலிருந்து காப்பாற்றாது. மராத்தான் ஓடுகிறவருக்கும் தலைவலி வரும், தொப்பை வைத்தவர் சும்மா உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருப்பார். சொல்லப்போனால் நல்ல கால் உள்ளவருக்குத்தான் ஆபத்து கொஞ்சம் கூடுதல், ஏனென்றால் அவரால் ஒரே நாளில் தகாத உயரத்துக்குப் போய்விட முடிகிறது. உங்கள் 7 நாள் திட்டம் அந்த வகைதான்.

வழியை உயரமாகப் பாருங்கள். மணாலி 2,050 மீட்டர். ரோதாங் கணவாய் 3,978. 2020 அக்டோபரில் 9 கி.மீ. நீள அடல் சுரங்கம் திறந்த பிறகு வண்டிகள் பெரும்பாலும் அதற்குள் போய்விடுகின்றன. மேலே ரோதாங் சாலை முன்பைவிட அமைதி, சைக்கிள்காரர்களுக்கு அது ஒரு வரம். ரோதாங் தாண்டி இறங்கினால் லாஹோல் பள்ளத்தாக்கு: கேலாங், ஜிஸ்பா எல்லாம் 3,100, 3,200 மீட்டர். இதுவரை ஒன்றும் பிரச்சினை இல்லை. ஜிஸ்பாவிலிருந்து கிளம்பி பாரலாச்சா லா என்ற கணவாயைத் தாண்டி சர்ச்சுவில் போய்ப் படுப்பதைத்தான் பலரும் ஒரே மூச்சில் செய்கிறார்கள். சர்ச்சு கிட்டத்தட்ட 4,300. ஒரே இரவில் 1,000 மீட்டருக்கு மேல் தாவல். ஜீப்பில் போகிற சுற்றுலாப் பயணிகளும் இதே தப்பைச் செய்துவிட்டு, சர்ச்சுக் கூடாரத்தில் இரவெல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு கிடப்பார்கள்.

அங்கே விட்டுவிட்டால்கூடத் தப்பிக்கலாம். அடுத்து வருவதுதான் உண்மையான பொறி. சர்ச்சுவுக்குப் பிறகு 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட காட்டா வளைவு, நக்கீ லா, அப்புறம் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுலுங் லா. அதை இறங்கினால் பாங். பாங் 4,600 மீட்டர். அங்கிருந்து மோரே சமவெளி, பிறகு 5,328 மீட்டரில் தங்லாங் லா. ஆக பாங்கில் படுத்த இரவில் உங்களுக்கு முடியாமல் போனால், கீழே இறங்குவதற்கு முதலில் மேலே ஏறியாக வேண்டும். முன்னால் போனாலும் ஒரு கணவாய், திரும்பினாலும் ஒரு கணவாய். மலை நோய்க்கு ஒரே நம்பகமான மருந்து கீழே இறங்குவது. அந்த மருந்து கிடைக்காத இடம் பாங். வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியாது, உயரக் கோட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் என் யோசனை இப்படி. மணாலியில் இரண்டு இரவு. ரோதாங்கை நடுவில் மர்ஹியில் ஓர் இரவு தங்கியே தாண்டுங்கள். கேலாங்கில் ஒரு நாள் முழுதாகச் சும்மா இருங்கள், துணி துவையுங்கள். பிறகு ஜிஸ்பா. ஜிஸ்பாவுக்கும் சர்ச்சுவுக்கும் நடுவில் பத்சேவ் பக்கமோ ஜிங்ஜிங்பார் பக்கமோ கட்டாயம் தங்குங்கள். முடிந்தால் இரண்டிலும் ஒவ்வோர் இரவு. சர்ச்சுவிலும் உடம்பு சரியில்லாவிட்டால் இன்னொரு நாள். அதற்கப்புறம் பாங், மோரே சமவெளியின் முடிவில் தேப்ரிங், தங்லாங் லா தாண்டி ரும்ட்சே, கடைசியாகச் சிந்து நதியோரம் லே. சைக்கிளுக்கு மட்டும் 11, 12 நாள். கோலாலம்பூரிலிருந்து டில்லி, டில்லியிலிருந்து இரவு பஸ்ஸில் மணாலி, லேயிலிருந்து விமானத்தில் திரும்புவது, ஒரு நாள் சாலை அடைப்பு என்று சேர்த்தால் மொத்தம் 17 நாள். 10 நாள் விடுப்பில் இது நடக்காது. முதலாளியிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு மலைக்குப் போங்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

"விமானத்தில் நேராக லே போய் அங்கிருந்து மணாலிக்கு இறங்கினால்?" என்று கேட்பீர்கள். லே 3,500 மீட்டர். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் அங்கே போய் இறங்குவதே ஒரு அடி. மூன்று நான்கு நாள் அங்கேயே சுற்றிக்கொண்டு கிடந்தால் உடம்பு தேறும். அதன் பிறகு கிளம்பினாலும் இரண்டாவது மூன்றாவது நாளிலேயே தங்லாங் லா வந்து நிற்கும். மணாலியிலிருந்து ஏறுவதுதான் உடம்புக்கு மரியாதை.

அறிகுறிகளைப் பற்றிக் கொஞ்சம். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை சேர்ந்தால் அது மலை நோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு மேலே ஏறக்கூடாது. தலைவலிக்காரரை நேர்கோட்டில் குதிகாலை விரலோடு ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கிவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், இருமலில் நுரை வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. இந்த இரண்டிலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. கிடைக்கிற வண்டியில் ஏற்றி உடனே இறக்க வேண்டும். டயமாக்ஸ் என்று விற்கும் அசெட்டசோலமைடு மாத்திரை உடம்பு பழகுவதை விரைவுபடுத்தும். முன்தடுப்புக்கு வழக்கமாக 125 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. விரல் நுனி கூசும், சிறுநீர் அதிகம் போகும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் எடுக்கும் முன் மருத்துவரிடம் கேட்டாக வேண்டும். மற்றவர்களும் கேட்பதுதான் நல்லது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கோவிட் காலத்தில் எல்லார் வீட்டிலும் வந்துவிட்டது, எடுத்துப் போங்கள். ஆனால் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தலைவலியை அலட்சியம் செய்யாதீர்கள்.

பயணக் காப்புறுதி எடுக்கும்போது உயர வரம்பைப் படியுங்கள். குறிப்பிட்ட மீட்டருக்கு மேல் நடப்பதற்குப் பொறுப்பில்லை என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் திட்டங்கள் உண்டு.

ஜூலை ஏன் என்று புரியவில்லை. மணாலி பக்கம் ஜூலை, ஆகஸ்டில் பருவமழை கொட்டும், மண் சரியும், ரோதாங் பக்கச் சாலை சேறாகும். லே இருக்கும் லடாக் மழை மறைவுப் பிரதேசம், அங்கே வானம் வெளுத்துக் கிடக்கும். ஆனால் அங்கே போய்ச் சேரவே மழைக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். சாலை பொதுவாகப் பனி உருகி ஜூனுக்குள் முழுதாகத் திறந்து அக்டோபர் வரையாவது இருக்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதி என்பது என் தேர்வு. மழை ஓயும், பனிக்கு இன்னும் நாள் இருக்கும். இன்னொரு லாபம், பனி உருகிச் சாலைக்குக் குறுக்கே ஓடும் நாலா என்ற ஓடைகளில் தண்ணீர் குறைந்திருக்கும். எந்த மாதமானாலும் நாலாக்களைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு இருந்தது பிற்பகலில் முழங்கால் அளவாகும்.

குளிர் நம் ஊர்க்காரர்களைப் பிடிக்கும் இடம் ஏற்றம் இல்லை, இறக்கம். 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 பாகை வெப்பம் குறையும். ஏறும்போது வேர்த்து நனைந்த சட்டையோடு கணவாய் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அப்படியே இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்து பிரேக் பிடிக்க முடியாமல் போகும். உச்சிக்கு வந்ததும் முதல் வேலை உள்சட்டையை மாற்றுவது. காற்று புகாத ஜாக்கெட், முழு விரல் கையுறை, காதை மூடும் தொப்பி, இவை பையின் மேலேயே இருக்கட்டும். சர்ச்சு, பாங் பக்கம் கோடையிலும் இரவு வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். வெயிலோ அதற்கு நேர் எதிர். 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு புற ஊதாக் கதிர் கூடும். நாம கறுப்புத் தோல், நமக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தால் மூக்கு நுனி உரிந்து வரும். உதடும் வெடிக்கும். இங்கே வியர்வை சொட்டுவதைப் பார்த்துத் தண்ணீர் குடிக்கிறோம். அங்கே காற்று வறண்டு வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், மூச்சு வழியாகவும் நீர் போகும். தாகம் வருமென்று காத்திருக்க வேண்டாம்.

இறக்கத்துக்கு பிரேக்கையும் பாருங்கள். 95 கிலோ பாரம் 1,000 மீட்டர் இறங்கினால் வெளியேற வேண்டிய ஆற்றல் 930 கிலோஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் 3 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். வேகமாக விட்டால் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். பள்ளமும் ஜல்லியுமான சாலையில் வேகமாக விட முடியாது, அப்போது பிரேக்தான் வாங்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கும் கார்பன் ரிம்மும் இருந்தால் அந்த ஜோடியை அங்கே கொண்டுபோகாதீர்கள், சூட்டில் ரிம் கெடும். டிஸ்க் என்றால் உலோகம் கலந்த பேட் போட்டு, இன்னொரு ஜோடி பையில். தொடர்ந்து தேய்த்துக்கொண்டே இறங்காமல் அழுத்திப் பிடித்து விட்டு, மறுபடி பிடித்து விட்டு இறங்குங்கள்.

உபரிச் சாமான்: பின் கியர் மாற்றியைச் சட்டத்தோடு பிடிக்கும் ஆர்.டி. ஹேங்கர் இரண்டு, அதுவும் உங்கள் சட்டத்துக்கே உரியது. வேறொன்று பொருந்தாது. செயின் லிங்க், நாலைந்து ஸ்போக், டியூப், பிரேக் பேட். மணாலியிலும் லேயிலும் ஏதாவது கிடைக்கும், நடுவில் நம்பி நிற்கக் கடை கிடையாது.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். சீசனில் வழிநெடுகத் துணிக் கூடாரத் தாபாக்கள் இருக்கும். பருப்பு, சோறு, ஆலு பரோட்டா, மேகி. நம் மாமாக் கடை மேகி கோரேங் மாதிரி எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான், அங்கே அது வெந்நீரில் மிதக்கும் மஞ்சள் சூப். 4,600 மீட்டரில் தண்ணீர் 85 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் சோறு எல்லாம் குக்கரில்தான். அவர்களிடமே படுக்கவும் கட்டிலும் ரஜாய் என்ற பஞ்சுப் போர்வையும் கிடைக்கும். பெரிய கூடாரமும் அடுப்பும் சுமக்கத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். மூவரும் சேர்ந்து அவசரத்துக்கு ஒரு லேசான கூடாரம், ஆளுக்கு ஒரு ஸ்லீப்பிங் பேக் போதும். கேஸ் சிலிண்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சைக்கிள் பெட்டிக்குள் போட்டால் கே.எல்.ஐ.ஏ.வில் பெட்டியைப் பிரிக்கச் சொல்வார்கள். பெட்டி கட்டும்போது இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் சுற்றும் என்பதை நினைவில் வையுங்கள்.

முக்கியமான ஒன்று. நம்மில் பலர் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவியைப் பையில் மாட்டிக்கொண்டு எங்கும் போகிறோம். இந்தியாவில் அனுமதியின்றி செயற்கைக்கோள் தொலைபேசியோ இத்தகைய கருவியோ வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பிடிபட்ட வெளிநாட்டவர் உண்டு. வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். வெளிமாநிலத்தில் வாங்கிய பிரீபெய்ட் சிம்மும் லடாக்கில் வேலை செய்வதில்லை. ஜிஸ்பாவை அடுத்த தார்ச்சா தாண்டிவிட்டால், லேக்கு முன்னால் உள்ள உப்ஷி பக்கம் வரும் வரை தொடர்பு இல்லை என்றே வீட்டில் சொல்லிவிடுங்கள். மணாலி – லே சாலைக்கு வெளிநாட்டவருக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவையில்லை. நுப்ரா, பாங்கோங் ஏரி என்று சேர்த்துக்கொண்டால் பதிவுபெற்ற முகவர் வழியாக எடுக்க வேண்டும். லேயிலிருந்து கர்துங் லா கணவாய்க்குப் போவீர்கள், தெரியும். பழைய பலகையில் 18,380 அடி என்று போட்டிருக்கும். உண்மையில் அது 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. படம் எடுத்துக்கொள்ளுங்கள், வீட்டில் சரியான எண்ணைச் சொல்லுங்கள்.

போகும்போது சாலையோரத்தில் தார்ச் சட்டியோடு நிற்கும் ஆட்களைப் பார்ப்பீர்கள். ஜார்க்கண்ட், பீகார், நேபாளத்திலிருந்து சீசனுக்கு வரும் கூலிகள். 4,500 மீட்டரில் கல் உடைப்பவர்கள். ரப்பர் தோட்டமும் ரயில் பாதையும் போட்ட ஆட்களின் பேரப்பிள்ளைகளான நாம் ஆயிரக்கணக்கான ரிங்கிட் சைக்கிளில் அவர்களைக் கடந்து போகும்போது ஒரு கும்பிடாவது போட வேண்டும். பிஸ்கட் பொட்டலம் இருந்தால் கொடுங்கள்.

விடுப்பு நீளவில்லை என்றால்? 10 நாளில் செய்யக்கூடிய நல்ல மலைகள் இருக்கின்றன. என் வாக்கு தைவானுக்கு. மேற்கே பூலி ஊரிலிருந்து 55 கி.மீ. ஏறினால் 3,275 மீட்டரில் வூலிங். கிழக்கே ஹுவாலியன் கடற்கரையிலிருந்து ஏறினால் 105 கி.மீ.; 2012இல் தொடங்கிய தைவான் கே.ஓ.எம். என்ற மலையேற்ற சைக்கிள் போட்டி நடந்தது அந்த வழியில்தான். 2024 ஏப்ரல் நிலநடுக்கத்தில் தாரோகோ பக்கச் சாலை மோசமாக அடிபட்டது, அந்த வழியின் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். 3,000 மீட்டரில் உங்கள் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று அங்கே தெரிந்துவிடும். சரியில்லை என்றால் ஒரு மணி நேரத்தில் கீழே இறங்கிவிடலாம். லடாக்குக்கு முன் இப்படி ஒரு பரீட்சை எழுதிவிட்டுப் போவது புத்திசாலித்தனம்.

இன்னும் பக்கம் வேண்டுமா, தாய்லாந்தின் தோய் இந்தனோன், 2,565 மீட்டர். சோம் தோங்கிலிருந்து ஏறுங்கள். கடைசிப் பகுதி கெந்திங்கைவிடப் பொல்லாதது. நீலகிரியும் உண்டு: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக 2,240 மீட்டர் ஊட்டி, இறங்கும்போது மசினகுடி பக்கம் 36 கொண்டை ஊசி கொண்ட கல்லட்டி. கல்லட்டியை ஏறுவது பற்றி யோசித்தால் மேலே சொன்ன 30-42 கியரை மாட்டிவிட்டு யோசியுங்கள். நாமக்கல் பக்கம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி. உயரத் தொல்லை கிடையாது, வழி கேட்க மொழித் தொல்லையும் கிடையாது. தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தால் கேமரன் மலையில் இருக்கிறோமோ என்று ஒரு நிமிடம் தோன்றும்.

பாமிருக்கு அவசரம் வேண்டாம். கிர்கிஸ்தானின் ஓஷிலிருந்து தஜிகிஸ்தானின் துஷான்பே வரை 1,200 கி.மீ.க்கு மேல், அக்-பைத்தால் கணவாய் 4,655 மீட்டர். தஜிகிஸ்தானின் கோர்னோ-பதக்ஷான் பகுதிக்குத் தனி அனுமதி வேண்டும். அங்கே கணவாய் தங்லாங் லாவைவிடத் தாழ்வு, ஆனால் நாள்கணக்கில் 3,500க்கு மேலேயே இருப்பீர்கள், ஊருக்கும் ஊருக்கும் நடுவில் தாபா கிடையாது. சாப்பாடு, தண்ணீர், கூடாரம் எல்லாம் சுமக்க வேண்டிய பயணம். லடாக்கை முடித்துவிட்டுக் கேளுங்கள், அதற்குத் தனியாக எழுதலாம்.

டிக்கெட் எடுக்கும் முன் நண்பர்கள் இருவரையும் உட்கார வைத்து ஒன்றைப் பேசி முடியுங்கள். மூவரில் ஒருவருக்கு மேலே முடியாமல் போனால் அவரைத் தனியாக வண்டி ஏற்றி அனுப்பக் கூடாது, கூட ஒருவர் இறங்க வேண்டும். அது யார்? இறங்குவதா வேண்டாமா என்ற முடிவையும் நோயாளியிடம் விடக்கூடாது, ஏனென்றால் உயரத்தில் முதலில் மங்குவது அந்த நிதானம்தான். நலமாக இருக்கும் இருவர் சொன்னால் சொன்னதுதான் என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். திரும்பி வரும் டிக்கெட்டையும் தேதி மாற்றக்கூடியதாகவே எடுங்கள், அதற்கு ஆகும் கூடுதல் ரிங்கிட்டை வீல் காசில் கழித்துக்கொள்ளலாம்.